எதிர்வீட்டு மதினி கும்பிட்ட ரோஸ்மேரி

என் அக்கா புருஷன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரை அழைக்கப் போனவன் நான்தான். டிரங்குப் பெட்டி, படுக்கை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, எல்லாவற்றையும் பஸ் கூரையிலிருந்து இறக்கித் தந்துவிட்டார்கள். மச்சானை மட்டும் காணவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஓர் ஆப்பிள் பெட்டி. பெட்டிக்குள் ஈரச் சாக்கு. சாக்குக்குள் ஐந்து செடி.

“மாப்ள, இதப் பிடி. சாய்ச்சிராத. பச்சப்பிள்ளைய வாங்குத மாதிரி வாங்கு.”

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே பஞ்சுத் தூசி நாள் முழுக்க மூக்கில் போய் அடைத்துக்கொள்ளும். வீட்டில் அடுப்பில் மீன் கருகினால்கூட எனக்குத் தெரியாது. “உங்க மாமாவுக்கு மூக்கு, மொகத்துல எடம் காலியா இருக்கக் கூடாதேன்னு வச்சது” என்று என் வீட்டுக்காரி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட மூக்குக்குள்ளேயே அந்தப் பெட்டியின் வாசம் ஏறியது. தைலம் மாதிரி, கற்பூரம் மாதிரி, கொஞ்சம் துளசி மாதிரி. இலையைப் பார்த்தால் சவுக்கு இலையைக் கத்தரித்து ஒட்டியது போல ஊசி ஊசியாக இருந்தது.

“இது என்ன மச்சான்?”

“ரோஸ்மேரி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பக்கம் அந்தப் பேரில் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோபக்காரர். அவரைத் தூக்கிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டே பெட்டியைத் தேரடிப் பக்கம் அக்கா வீடு வரைக்கும் தூக்கிப் போனேன்.

மச்சான் குன்னூரில் பட்டாளத்து ஆபீசர்களுக்குச் சமைத்தவர். துப்பாக்கி பிடித்த நாள் குறைவு, கரண்டி பிடித்த நாள்தான் அதிகம். அவர் வைக்கிற ஆட்டுக்கறி ரோஸ்ட்டை அங்கே ஒரு கர்னலுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கறிக்குப் போடுகிற இலைதான் இது. கர்னலுக்குப் பெங்களூர்ப் பக்கம். தமிழ் பேசுவார், ஆனால் பட்டாளத்தில் படித்த தமிழ்.

ஓய்வு பெறுகிற அன்று மச்சான் அவர் முன்னால் போய் நின்று, “சார், ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடணும்” என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு இவருக்கே வேர்த்துவிட்டதாம். கர்னல் சிரித்துவிட்டு, சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த பாத்தியைக் காட்டினாராம். இதில் ஐந்து செடி எடுத்துக்கொண்டு போ, உங்கள் ஊர் வெயிலில் இது ஒரு கோடையைத் தாண்டாது, தாண்டிவிட்டால் குற்றாலம் சீசனுக்குப் போகும்போது உன் வீட்டில் வந்து சாப்பிடுகிறேன் என்றாராம்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்தாள்.

“செடி செத்தா வரமாட்டாராக்கும்? அப்ப அவிய உங்களப் பாக்க வரல. செடியப் பாக்க வாராக.”

“நீ சும்மா கெட” என்றார் மச்சான்.

என்னிடம் தனியாகத்தான் சொன்னார். “இத்தன வருசம் அவிய உக்காந்து சாப்பிட்டாக, நான் நின்னு பரிமாறுனேன். அதுல ஒண்ணும் கொறையில்ல மாப்ள, அது வேல. ஆனா ஒருநா என் வீட்டுல, என் பாயில, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அம்புட்டுத்தான்.”

மாசி மாசம் அது. கோடை இனிமேல்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாடினாலும் ஊற்ற வேண்டும், வாடாவிட்டாலும் ஊற்ற வேண்டும், மனசுக்குச் சங்கடமாக இருந்தாலும் ஒரு செம்பு கொண்டுபோய் ஊற்றிவிட்டு வர வேண்டும். மச்சான் மூன்று செடியைப் புறவாசலில் வாழைக்குப் பக்கத்தில், குளித்த தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து நட்டார். நல்ல கரிசல். அக்கா தினமும் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் விட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை வரும்போது பழக்கமான ஒரு மாட்டுக்கொட்டத்திலிருந்து நல்ல மக்கின சாணி எரு ஒரு பை கொண்டுவந்தேன். மூன்று பேரும் போட்டி போட்டுச் செய்த உபசாரத்தில் மூன்று செடியும் அடியிலிருந்து மஞ்சளாகி, நுனி கறுத்து, பங்குனி பிறக்குமுன் போய்ச் சேர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழைய சோறு மாதிரி குழைந்து கையோடு வந்தது.

நாலாவது செடியை வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் வைத்தார்கள். காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. இலையெல்லாம் மாவு தூவினது போல வெள்ளை பூத்தது. அதுவும் போயிற்று.

மிச்சம் ஒன்று. அதற்கு முன்னால் மச்சான் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, “மாப்ள, குன்னூர்ல இத யாரு பாத்தா?” என்று கேட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தோட்டக்காரர் ஒருத்தர் இருந்தாரு. அவரு இதுக்குத் தண்ணி ஊத்தி நான் பாத்ததே இல்ல. சரிவுல, கல்லும் பொடியுமா கெடந்த எடத்துல நின்னுச்சு. மழ பெஞ்சா செத்த நேரத்துல வடிஞ்சிரும். நாம அத வயல்ல நாத்து நடுத மாதிரி நட்டுட்டோம்.”

அடுத்த ஞாயிறு சைக்கிளை மிதித்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம். மலையடிவாரத்து ஓடையில் குருணை மாதிரி மணல் கிடக்கும். ஒரு சாக்கில் அள்ளிக் கட்டித் திரும்புகிற வழியில் காட்டிலாகா வாச்சர் ஒருவர் மறித்தார்.

“சாக்குல என்னவே?”

“மணல்” என்றேன்.

“வீடு கட்டுதீகளோ?”

“இல்ல, ஒரு செடிக்கு.”

“செடிக்கு எரு கொண்டுபோறவன் உண்டு, மண்ணு கொண்டுபோறவன் உண்டு. மணலு கொண்டுபோறவன இப்பத்தான் பாக்கேன்.”

மச்சான் சைக்கிளை நிறுத்திவிட்டு, விறைப்பாக நின்று, கர்னலிலிருந்து ஆரம்பித்துக் கதை முழுவதையும் சொன்னார். வாச்சர் பொறுமையாகக் கேட்டார். அவர் மகனும் பட்டாளத்தில் இருந்தான். கடைசியில், “நீரு சொல்லுதது பொய்யா இருந்தா இம்புட்டு நீளமா இருக்காது” என்றார். “ஆனாலும் பாதியக் கொட்டிட்டுப் போங்க. என் வேலையும் நிக்கணும்லா.”

பாதிச் சாக்கே தேவைக்கு மேல்தான் என்று வீட்டில் வந்து பார்த்தபோது தெரிந்தது. எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் பொத்தல் போட்டோம். தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த ஓட்டுச் சில்லையும் சுண்ணாம்புக் காரையையும் பொறுக்கி அடியில் போட்டு, மேலே பாதி மணல் பாதி செம்மண் கலந்து செடியை வைத்தோம். மூன்று செங்கல்லின் மேல், வாசல் மதிலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி. காலையிலிருந்து உச்சி வரைக்கும் வெயில், அதற்கு மேல் பக்கத்து வீட்டு வேம்பின் நிழல். ஊற்றினால் ஊற்றின வேகத்தில் கீழே ஒழுகிப் போயிற்று. சித்திரையில் புதுத் துளிர் விட்டது. மச்சான் வாசல் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இலையைத் தடவிக் கையை மோந்துகொண்டே போவார்.

வாசல் மதில் என்றால் தெரு பார்க்கத்தானே செய்யும். எதிர்வீட்டு மதினி முதலில் பார்த்தார்.

அவர் கோயில் வாசலில் மாலை கட்டி விற்கிறவர். அக்காவைவிடப் பத்து வயசு மூத்தவர். சுத்த சைவம். முட்டை போட்ட பிஸ்கட் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பொட்டலம் இருந்த அலமாரியையே துடைப்பார். மரிக்கொழுந்து, மருவு, துளசி எல்லாம் அவர் கையில் புழங்குகிறவை. ஆகவே வாசம் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஏட்டி, இது என்ன மூலிக?”

அக்கா வாயைத் திறந்தாள். கறிக்குப் போடுகிறது என்று சொல்ல வேண்டும். மதினியோ குளித்து, நாமம் இட்டு, ஈரத்தலையோடு நிற்கிறார்.

“மலையில இருந்து அவிய கொண்டாந்தாக மதினி. அங்க ரொம்ப விசேசம்.”

இது போதாதா? மறுநாள் காலையில் எண்ணெய் டின்னில் குங்குமப் பொட்டு இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி பால். எங்கள் ஊரில் பாலுக்கென்ன பஞ்சம். வாரம் முடிவதற்குள் தெருவில் இன்னும் நாலு பேர் செம்போடு வந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாம். இன்னொருத்தி வீட்டுக்காரர் சண்டை போடாமல் வேலைக்குப் போனாராம்.

நான் போனபோது டின்னைச் சுற்றி எறும்பு வரிசை. அடியில் நாலைந்து இலை மஞ்சள். மச்சான் முகம் அதைவிட மஞ்சள்.

“போட்டுக் கொல்லுதாக மாப்ள. மணல் போட்டும் காய விடமாட்டேங்காக.”

“கறிக்குன்னு சொல்லிர வேண்டியதுதானே.”

“உங்க அக்கா விசேசம்னு சொல்லிட்டால்ல. இப்பப் போயி, நீங்க சுத்துனது ஆட்டுக்கறி மசாலான்னு எப்படிச் சொல்ல? அந்த மதினி மொகத்துல எப்படி முழிக்க?”

ஏணி போட்டுச் செடியைக் கூரை மேல் ஏற்றினார். மறுநாள் மதினி தெருவில் நின்று, “கொழுந்தனாரே, நல்ல காரியம் பண்ணுனீக. நாய் நரி மோந்துட்டுப் போற எடத்துல வைக்கப்படாதுன்னு நானே சொல்லணும்னு இருந்தேன். எங்க வீட்டுப் பயல ஏத்தி ஊத்தச் சொல்லுதேன்” என்றார். ஓடு நொறுங்கிப் போகுமே என்று மச்சான் அன்றைக்கே இறக்கிவிட்டார்.

வழி கண்டுபிடித்தது அக்காதான். முடிச்சுப் போட்டவளே அவிழ்க்கவும் வந்தாள். வெள்ளிக்கிழமை பெண்கள் கூடி நின்றபோது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

“மதினி, அவிய குன்னூர்ல கேட்டு வந்தாக. இதுக்கு ஒரு மொற இருக்காம். கண்ட நேரம் ஊத்தப்படாது. வேப்பங்குச்சிய ஒரு வெரல் ஆழத்துக்கு விட்டு எடுக்கணும். குச்சியில மணல் ஒட்டிச்சுன்னா தண்ணி கேக்கலன்னு அர்த்தம். ஒட்டலைன்னா ஒரு செம்பு. ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு செம்பு. பாலு ஆகாது. மஞ்சத்தண்ணி டின்னுக்கு மேல தடவலாம், உள்ள ஊத்தப்படாது.”

“கிள்ளலாமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வெள்ளிக்கெழம மட்டும். நுனிய மட்டும். கட்டையில கை வைக்கப்படாது.”

அக்கா சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று நான் இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன். அந்தத் தோட்டக்காரர் செய்திருப்பதும் அதுதானே. ஆனால் நாங்கள் “ஊத்தாதீங்க” என்றால் யார் கேட்டிருப்பார்கள்? முறை என்றதும் கேட்டார்கள். மதினி தினமும் குச்சி விட்டுப் பார்த்தார். ஒருநாள் புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒன்று செம்போடு வந்தபோது, “ஏட்டி, நில்லு. குச்சியில ஒட்டுது பாரு. கண்ணு எங்க வச்சிருக்க?” என்று விரட்டினார். வெள்ளிதோறும் ஆளுக்கொரு நுனி கிள்ளி மல்லிகையோடு வைத்துக் கட்டித் தலையில் சூடினார்கள். கிள்ளக் கிள்ள அந்த இடத்தில் ரெண்டு ரெண்டாக வெடித்தது. வைகாசியில் செடி குடை மாதிரி விரிந்து டின்னை மறைத்தது. ஆனியில் மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கி அதைப் போட்டு ஆட்டிற்று. ஓர் இலை மஞ்சளில்லை. பத்து விரல் அகலத்துக்கு நீலமாய்ப் பூக்கூடப் பூத்தது. குன்னூரில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று மச்சான் சொன்னார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்று நினைக்கிறேன்.

ஆடியில் தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் வந்தது. கர்னல் குற்றாலம் போகிறார். வழியில் நாளை மத்தியானம் வருகிறார். செடி இருக்கிறதா என்று கேட்டாராம். மச்சான் போனிலேயே சல்யூட் அடித்ததாகக் கடைக்காரர் சொன்னார்.

சேதி வந்ததும் நான் மில்லில் லீவு சொல்லிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன மச்சான்?”

“கொடி ஏறிருச்சு மாப்ள.”

எனக்குச் சுருக்கென்றது. ஆடிப்பூரத்துக்குக் கோயிலில் கொடி ஏறியிருந்தது. தேர் ஓடி முடிகிற வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் கறி கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மீறினதும் இல்லை. இந்த வீட்டில் தாளிதம் பண்ணினால் எதிர்வீட்டில் தும்முகிற தெரு அது. கர்னலோ அந்தக் கறிக்காகத்தான் வருகிறார்.

“அவியகிட்ட இன்னொரு நாள் வரச் சொல்லுவமா?” என்றேன்.

“இன்னொரு நாளுன்னு ஒண்ணு வராது” என்றார்.

பதினொன்றரைக்கெல்லாம் ஜீப் வந்துவிட்டது. கர்னல் நெடுநெடுவென்று இறங்கினார். வீட்டைப் பார்க்கவில்லை, மச்சானைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே மதிலுக்குப் போனார். டின்னில் மஞ்சள், குங்குமம், செடியின் தலையில் ஒரு முழம் மல்லிகை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றினார். பிறகு கையை நீட்டி ஒரு நல்ல கிளையாகப் பார்த்துப் பிடித்தார்.

“ஐயா, கைய எடுங்க.”

எதிர்வாசலில் பூக்கூடையோடு மதினி.

“இன்னிக்குச் செவ்வா. வெள்ளிக்கெழமதான் கிள்ளணும். அதுவும் நுனி. நீங்க கட்டையப் பிடிச்சிருக்கீக.”

எத்தனையோ பேரை அதட்டிய கர்னல் கையை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள்.

மச்சான் ரெண்டு அடி தெருவில் இறங்கி நின்றார். பட்டாளத்தில் தண்டனை வாங்கப் போகிறவன் அப்படித்தான் நிற்பான் போல.

“மதினி, நான் சொல்லிருதேன். அது சாமி செடி இல்ல. அது கறிக்குப் போடுதது. சார் அதச் சாப்பிடத்தான் வந்திருக்காக. உங்ககிட்ட முன்னாடியே சொல்லாம விட்டது எங்க தப்பு.”

மதினி பூக்கூடையை இறக்கி வைத்தார். செடியைப் பார்த்தார், கர்னலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

“இதுக்கா இப்படி வேர்த்துப்போயி நிக்கீக? கருவேப்பில கறிக்குப் போடாததா? அதுக்காக நான் அதக் கொழம்புல போடாம இருக்கனா?”

“இல்ல மதினி, நீங்க சுத்தி வந்தீக…”

“சுத்தி வந்தா என்ன, இடுப்பு வலி போச்சுல்லா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ஒண்ணு கொழுந்தனாரே. கொடி ஏறியிருக்கு. இன்னிக்கு இந்தத் தெருவுல கறி வேகாது. அத நீங்களே செய்ய மாட்டீக, எனக்குத் தெரியும்” என்றார்.

“செய்ய மாட்டேன்” என்றார் மச்சான். சொல்லிவிட்டு கர்னல் பக்கம் திரும்பி, “சார், இன்னிக்கு மட்டன் இல்ல” என்றார். வருஷக்கணக்கில் அந்த மனுஷனிடம் அவர் சொன்ன முதல் ‘இல்ல’ அதுதான் என்று பிறகு சொன்னார்.

கர்னல் முகம் சிறுத்தது உண்மை. நான் பார்த்தேன். ஜீப் பக்கம் ஒரு தடவை கண் போயிற்று. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார்: “உருளைக்கிழங்கு இருக்கா?”

“இருக்கு சார்.”

“அது போதும்.”

கிள்ளுவதற்குச் செவ்வாய்க்கிழமை குறுக்கே நின்றது. மதினியே வந்து, நாள் பார்க்காமல், நகத்தால் நுனி நுனியாகக் கிள்ளி ஒரு கை நிறையக் கொடுத்தார். “எனக்கும் ஒரு கிண்ணம் வரணும்” என்று சொல்லிவிட்டுத்தான் பூக்கூடையை எடுத்தார்.

மச்சான் கிழங்கை அரைவேக்காட்டில் எடுத்து, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, தோலோடு பூண்டு தட்டிப் போட்டு, கடைசியாக அந்த இலையை உருவிப் போட்டு முறுக முறுகப் புரட்டினார். ரசம், அவியல், அப்பளம் அக்கா கணக்கு. கூடத்தில் பாய் விரித்து, ரெண்டு இலை போட்டோம். ஒன்றில் கர்னல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டி மடங்காமல் கொஞ்சம் சிரமப்பட்டார். இன்னொரு இலை காலியாகக் கிடந்தது.

மச்சான் எங்கே? சுவரோரம் நிற்கிறார். தோளில் துண்டு, ஒரு கையில் சட்டி, ஒரு கையில் கரண்டி. கர்னலின் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆசைப்பட்ட நாள் வந்துவிட்டது, ஆனால் கால் மடங்கவில்லை.

“உக்காருங்க மச்சான்” என்றேன்.

“சார் முதல்ல சாப்பிடட்டும்.”

கர்னலும், “உட்கார், உட்கார்” என்றார். அதைக் கேட்டதும் இவர் இன்னும் விறைப்பாக நின்றார்.

அக்கா சமையல்கட்டிலிருந்து வந்தாள். சட்டியை ஒரு கையால் வாங்கினாள், கரண்டியை ஒரு கையால் வாங்கினாள், துண்டை உருவி என் மேல் போட்டாள். கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கத் தெரியாதவர் மச்சான். செத்த நேரம் கையைப் பிசைந்தார், பிறகு மெதுவாக வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அக்கா அவருக்கும் கிழங்கை வைத்தாள், சூடு பறக்க.

சமைக்கிறவன் எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவன். ஆறினதைத்தான் தின்றிருப்பார். ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். புருவம் கிட்ட வந்தது.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

கர்னல் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “எப்பவுமே கம்மிதான். நீ நின்னுக்கிட்டு இருந்தே, எப்படிச் சொல்றது?”

மச்சான் கையை நீட்டி உப்பு வைத்திருந்த மரவையை எடுத்து, முதலில் தன் இலையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பிறகு அவர் பக்கம் நகர்த்தினார்.